ஒன்று புள்ளி இரண்டு

வேப்பங்கரடு,
பண்ணைப்புரம் வழி,
தேனி மாவட்டம்.
12-12-2025, வெள்ளி

அன்புள்ள லத்திபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிப்பதைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்கிறேன். முதலில், உறுதியான செய்தி. நம் வீட்டு போர்வெல் தண்ணீரில் புளோரைடு இப்போது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். சொன்னது தேனியில் உள்ள தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். செவ்வாய்க்கிழமை நானே போய், ஷீபா மேடம் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கி வந்தேன். வேறு வழியே இல்லாவிட்டால் குடிக்கலாம் என்று அரசு வைத்திருக்கும் எல்லை ஒன்றரை. நீ வைத்த எல்லையும் அதுதான்.

குமுளி பஸ்ஸில் ஏறும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ரஃபி உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "ஒண்ணரைக்குக் கீழ இறங்கட்டும் மச்சான், அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்" என்றாய். அது சித்திரை. அன்று நம் தண்ணீர் 2.6.

நேற்றுப் போனில், பேப்பரில் பார்த்தேன் என்றாய். உன் அண்ணன் தொடுபுழாவில் இருந்துகொண்டே போனில் நம் மாவட்டப் பக்கத்தைத் தேடிக் காட்டினாராம். நசீமாவுக்கு அரையாண்டு லீவு விடும் முன்பே வந்துவிடுவேன், ரஃபிக்கு டிக்கெட்கூட வேண்டாம் என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது. நான் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நசீமா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருந்தால், இதை வாசித்து முடிக்கும்வரை அதில் துணி எதையும் வைக்காதே.

நீ பார்த்த செய்தி நான் எழுதியதுதான். ஆனால் முழுவதும் இல்லை. நான் அனுப்பியது மூன்று பத்தி. முதல் பத்தியில் 1.2. இரண்டாவதில், இது மழைக்குப் பிந்தைய அளவு, இதே தெருக் கிணறுகள் கோடையில் இரண்டரையைத் தாண்டியவை என்பது. மூன்றாவதில் ஆற்றுக் குடிநீர்க் குழாய் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பது. பக்கம் போடும் மதுரை அலுவலகத்தில் அன்று ஏதோ பெரிய விளம்பரம், இடம் போதவில்லை. செய்தியை அடியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். அதனால்தான் முக்கியமானதை முதலில் எழுது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை எது முக்கியமானது என்பதில்தான் சிக்கல். முதல் பத்தி மட்டும் வந்தது. "வேப்பங்கரட்டில் புளோரைடு குறைந்தது" என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதற்குள் தெருவே மாறிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கம்மாள் தினமும் ஷேர் ஆட்டோவில் உத்தமபாளையம் போய் ஆற்றுத் தண்ணீர் பிடித்து வந்ததை நிறுத்திவிட்டு, குடங்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார். வேண்டாம் அக்கா, இந்த அளவு மாசி வரைக்கும்கூடத் தாங்காது என்று சொல்லப் போனேன். "நீங்க எழுதுனத நீங்களே இல்லேங்கிறீக. அப்ப நாங்க எதத்தான் நம்புறது?" என்றார். அதோடு விடவில்லை. லத்திபாவை எப்போது கூட்டிவரப் போகிறேன் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன், "ஏன் கமாலு, உப்பு கூடிப்போனது தண்ணியிலயா, இல்ல நீங்க ஆக்குற கொழம்புலயா?" என்று தெருவே கேட்க ஒரு போடு போட்டார். என் சமையலைப் பற்றி நசீமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஷீபா மேடத்தை உனக்கு நினைவிருக்கும். கூடலூர்க்காரர், பாதி மலையாளமாகப் பேசுவார். தாளைக் கையில் கொடுத்ததும் நான் சிரித்ததைப் பார்த்துவிட்டார். "சாரே, இது மழையோட நம்பர். வெயிலோட நம்பர் இனிமேதான் வரணும்" என்றார். அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இந்தப் புளோரைடு உப்பு நம் கரட்டுப் பாறையிலேயே இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கிவிடும். மிச்சம் இருக்கும் தண்ணீர் பாறை இடுக்கில் நாள்கணக்கில் கிடந்து ஊறும். ஊற ஊற உப்பு கூடும். மழை தொடர்ந்து பெய்து புதுத் தண்ணீர் கலந்தால் குறையும். பாறை அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் கூடியதால் எண் குறைந்திருக்கிறது.

ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் நான் ஓடிப்போய் ஒரு பாட்டில் கொடுத்தேனே, அதன் முடிவும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. குறைந்திருக்கும் என்று நம்பிக் கொண்டுபோனேன். 2.9 வந்தது. வெயிலில் மேல்மண்ணில் தங்கிப்போன உப்பை முதல் மழை கழுவிக் கீழே இறக்குமாம். அந்த எண்ணைச் சொன்ன அன்று நீ போனை ரஃபியிடம் கொடுத்துவிட்டாய். அவன் என்னிடம் "வெள்ளம் வேணும்" என்றான். உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் தண்ணீரை மலையாளத்தில் அப்படிச் சொல்கிறார்கள், அவனும் சொல்கிறான், இயல்புதான். நான் சிரித்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வேலை இல்லாமலே தேவாரம் வரை போய்விட்டு வந்தேன்.

இனி நசீமா. செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை அவள்தான் முதலில் வாசித்தாள். உடனே உனக்குப் போன் போடச் சொன்னாள். ஷீபா மேடம் சொன்னதையும் அவளிடம் சொன்னேன். "அத்தா, அம்மாகிட்ட ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத விட்ருங்க. அது ஒண்ணும் பொய் இல்லைல?" என்றாள். நான் யோசித்துவிட்டு, பொய் இல்லைதான் என்றேன். மறுநாள் பேப்பரில் வந்ததைக் காட்டி, பார், பேப்பரும் நீ சொன்னதைத்தான் செய்திருக்கிறது, அக்கம்மாள் குடத்தைக் கவிழ்த்துவிட்டார் என்றேன். அதற்கு அவள், "பேப்பருக்கு அம்மா வேணாம். எனக்கு வேணும்" என்றாள்.

அப்போதும் பல்லின் கறை தெரியாதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டுக்குள் என்னிடம் பேசும்போதுகூட இப்போது அந்தக் கை வந்துவிடுகிறது. பள்ளி ஆண்டுவிழாப் படம் அனுப்பினேனே, அதில் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்க, இவள் மட்டும் உதட்டைச் சேர்த்து வைத்திருப்பதைக் கவனித்திருப்பாய்.

ஒன்றை எழுத வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ ஏன் போனாய் என்று கேட்டால் ஊர் சொல்வது ஒன்று: ஆற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து கொடுத்தும், ரஃபி தொட்டிக் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டான், அன்றே லத்திபா பெட்டி கட்டிவிட்டாள் என்பது. அது நடந்ததுதான். ஆனால் உன் மனம் கிளம்பியது அதற்கு முந்தைய வாரமே, தேனிப் பரிசோதனைக்கூடத்தில். ஷீபா மேடம் பிள்ளைகளுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "சுண்டக் காய்ச்சித்தான் மேடம் குடுப்பேன். மூணுல ஒரு பங்கு வத்துற வரைக்கும் எறக்க மாட்டேன்" என்று நீ பெருமையாகச் சொன்னாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, கொதித்தால் கிருமி போகும், இந்த உப்புப் போகாது, தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மிச்சத்தில் தங்கிக் கூடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த வெந்நீர்க் குண்டானைப் பரணில் கவிழ்த்து வைத்தாய். அதன் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த பொருக்கைப் புளி போட்டு எத்தனை தடவை தேய்த்திருப்பாய். தண்ணீர் போனாலும் உப்புத் தங்கும் என்று அந்தப் பொருக்கு சொல்லிக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் எல்லாருமே அப்படித்தான் காய்ச்சிக் கொடுத்தார்கள். உன் அம்மா, என் அம்மா, அக்கம்மாள். கவனம் கூடியவள் கூடுதலாகச் சுண்டவைத்தாள். உன்னைவிடக் கவனமானவள் இந்தத் தெருவில் இல்லை.

போன மாதம் கம்பத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேறு செய்திக்காகப் போயிருந்தேன். அப்போது கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். காய்ச்சாமல் கொடுத்திருந்தாலும் இந்தத் தண்ணீருக்கு நசீமாவின் பல்லில் கறை வந்தே இருக்கும். காய்ச்சியதால் கொஞ்சம் கூடியிருக்கலாம், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சாமல் கொடுத்து வயிற்றுப்போக்கில் பறிகொடுத்த பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறுதலுக்காக அவர் இதைச் சொல்லவில்லை. என்னைத் தெரியாது அவருக்கு. நானும் ஆறுதலுக்காக எழுதவில்லை. குண்டானை நசீமா இன்னும் தொடவில்லை. நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நீ வந்து எடுத்தால்தான் அது அங்கிருந்து இறங்கும்.

அதே டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன். நிரந்தர முன்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலம் பிறந்ததிலிருந்து நான்கு வயது வரை என்றார். கறை விழுவது அந்தக் காலத்தில்தான். நசீமாவுக்கு அது முடிந்துவிட்டது, அதனால்தான் அவளைப் பள்ளியை விட்டு எடுக்காமல் இங்கே வைத்திருக்கிறோம். ரஃபிக்கு இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. இப்போது 1.2 என்று அவனைக் கூட்டிவந்தால், மாசியில் மறுபடி எண் ஏறத் தொடங்கும்போது அவன் இந்த வாசலில்தான் விளையாடிக்கொண்டிருப்பான். குழாய் அவன் உயரத்தில்தான் இருக்கிறது. அக்கம்மாள் கஞ்சி கொடுப்பார், எதிர்வீட்டில் மோர் கொடுப்பார்கள். எத்தனை வீட்டுச் சொம்பை நாம் தட்டிவிட முடியும்?

கேன் தண்ணீர் வாங்கலாமே என்று உன் அண்ணி கேட்டாரே. அதையும் கோடையில் பார்த்துவிட்டேன். நம் தெருவுக்கு வரும் கேனை மேடத்திடம் கொடுத்ததில் 1.9 வந்தது. மிஷின் வைத்துத்தான் சுத்தம் செய்கிறார்கள். கோடையில் கரண்டும் இல்லை, மிஷினும் அடைத்துக்கொள்கிறது, கேட்கிற ஆளோ கூடிவிடுகிறது.

உத்தமபாளையத்தில் வாடகை வீடு பார்க்கலாம் என்றபோது, "மாமாவ மாடிப்படி ஏறவிட்டுக் கொன்றாதீக" என்று தடுத்தவள் நீதான். கீழ்த்தள வீடாக இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் அமையவில்லை. என் அத்தாவுக்கு முழங்கால் இப்போது சுத்தமாக நீட்ட வரவில்லை. அதற்கும் தண்ணீர்தான் காரணமா, வயதா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. மாலையில் அசர் தொழுகை முடிந்ததும் கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். பய எப்ப வருவான் என்று கேட்கிறார்கள். வருவான் என்கிறேன். நேற்றுக் கேட்டுவிட்டு, "பேப்பர்ல போட்டுட்டாகளாமே" என்றார்கள். அக்கம்மாள் சொல்லியிருக்கிறார்.

இப்போது நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் கரை தட்டிப் போகிறது. அனுமந்தன்பட்டிப் பக்கம் இரண்டாம் போக நடவு முடிந்துவிட்டது, வண்டியில் போனால் இரண்டு பக்கமும் பச்சை. நீ இருந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பாய். உன் மருதாணிச் செடி மதில் உயரம் வந்துவிட்டது. நசீமா தானே அரைத்து ஒரு கைக்கு வைத்துக்கொண்டாள், மறு கைக்கு வைக்க ஆள் இல்லை என்று என்னிடம் நீட்டினாள். நான் வைத்தது அப்பளம் போல வந்திருக்கிறது.

தெருமுனை திரும்பும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன், ரஃபி ஓடி வருவான். இப்போதும் கை தானாக அடித்துவிடுகிறது. அக்கம்மாளின் கோழிகள் ஓடி வருகின்றன.

ஆகவே லத்திபா, வராதே. இந்தச் சொல்லை எழுத இவ்வளவு தாள் தேவைப்பட்டிருக்கிறது. என் இருபத்திரண்டு வருட வேலையில் எழுதிய எந்த வரியையும் மதுரையில் வெட்டிவிட மாட்டார்களா என்று நான் நினைத்ததில்லை. இதை வெட்ட யாரும் இல்லை.

நீ வராதே, நாங்கள் வருகிறோம். கம்பத்திலிருந்து என் தங்கை வந்து அத்தாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அரையாண்டு லீவு விட்டதும் நசீமாவைக் கூட்டிக்கொண்டு குமுளி வழியாக வந்துவிடுவேன். நான்கு நாள் இருப்போம். அதற்கு மேல் அத்தாவை விட முடியாது. இதை நசீமாவிடம் நேற்றுச் சொன்னேன். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, கவரும் பசையும் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இனி, இன்னும் தெரியாதவை. ஆற்றுக் குடிநீர்க் குழாய் தெருமுனை வரை இறக்கிப் போட்டிருக்கிறார்கள், பள்ளம் இன்னும் தோண்டவில்லை. பங்குனிக் கடைசியில் தண்ணீர் விட்டுப் பார்ப்போம் என்கிறார் பொறியாளர். ஆடிக் கடைசியில் என்று முன்பு சொன்னவரும் அவர்தான், அதையும் நான் எழுதினேன். இனித் தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவேன். சித்திரையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, நம் போரிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் கொடுப்பேன். அதன் முடிவு மே முதல் வாரத்தில் கிடைக்கும். அது வெயிலோட நம்பர். ஆற்றுக் குழாய் வந்தாலோ, அந்த எண் ஒன்றரைக்குக் கீழே நின்றாலோ, நீ பஸ் ஏற வேண்டாம், நானே வந்து கூட்டி வருவேன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ரஃபிக்கு இங்கே இருந்தவரை நாம் கொடுத்த தண்ணீர் என்ன செய்திருக்கிறது என்பது. இப்போது இருப்பவை பால்பற்கள், அவற்றைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அது விழுந்து, அடுத்த முன்பல் முளைக்கும்போதுதான் தெரியுமாம். ஆறு, ஏழு வயதில். 2030 வாக்கில். அதற்கு முன் எந்தப் பரிசோதனைக்கூடமும் தாள் தராது. அதுவரை நீ அவன் வாயைத் திறந்து திறந்து பார்க்காதே. அவன் சிரிக்கட்டும்.

அந்தப் பல் எப்படி வந்தாலும் வரட்டும். அது முளைக்கும் காலையில் நாம் நால்வரும் ஒரே வீட்டில் விழித்திருக்க வேண்டும் என்று இன்று ஜும்ஆ தொழுகையில் கேட்டேன். நீயும் அதையே கேள்.

வஸ்ஸலாம்.

உன்,
கமால்